ஊர் நூலகக் கூடத்தில் ஓவிய வகுப்பு: எல்லா வயதினரும் எல்லாத் திறனினரும் சேர்ந்து பயிலும்படி நடத்தும் முறை

ஓவிய வகுப்பு என்றால் கோடை விடுமுறை, பள்ளிப் பிள்ளைகள், கடைசி நாளில் ஒரு போட்டி, மூன்று பரிசுகள் என்பதே நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இரண்டு மலைகள், அவற்றின் நடுவே உதிக்கும் சூரியன், ஓர் ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை என்று ஒரே காட்சியைத் தலைமுறை தலைமுறையாக வரைந்து வருகிறோம். இங்கே எழுத முற்படுவது வேறொரு வகுப்பைப் பற்றி. ஆறு வயதுச் சிறுமியும், எழுபது வயது ஆச்சியும், சக்கர நாற்காலியில் வரும் இளைஞரும், பார்வையற்ற பெண்ணும் வாரம் ஒருமுறை ஒரே கூடத்தில் அமர்ந்து, ஒரே பொருளை எடுத்துக்கொண்டு, அவரவர் கைக்கு ஏற்றபடி வேலை செய்யும் வகுப்பு அது. இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. இந்த வகுப்புக்கு வந்து சேர்வதற்கு மிகவும் சிரமப்படக்கூடியவர் யாரோ, அவரை முதலில் மனத்தில் இருத்தி, அவருக்கு ஏற்ற இடத்தையும் நேரத்தையும் பொருள்களையும் தேர்ந்தெடுத்துவிட்டால், மற்ற எல்லோருக்கும் அந்த ஏற்பாடு தானாகப் பொருந்திவிடும். முதலில் வகுப்பை அமைத்துவிட்டுப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு மூலையை ஒதுக்குவதாக இருந்தால், அந்த மூலை காலியாகவே கிடக்கும்.

முதல் வேலை இடம் பிடிப்பது. கிளை நூலகம், அரசுப் பள்ளியின் தரைத்தள வகுப்பறை, ஊராட்சியின் சமுதாயக் கூடம் ஆகிய மூன்றில் ஒன்றாவது ஏறக்குறைய எல்லா ஊரிலும் இருக்கும். அனுமதி கேட்கும் விண்ணப்பத்தில், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாக மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் வழி செய்ய வேண்டும் என்பதோடு, கலைப் பாடங்களை அவர்கள் பங்கேற்கும் வகையில் திருத்தியமைக்க வேண்டும் என்றும் அப்பிரிவு சொல்கிறது. ஆகவே நீங்கள் சலுகை எதையும் கேட்கவில்லை; உள்ளாட்சி செய்ய வேண்டிய ஒரு வேலையில் தோள் கொடுக்க முன்வருகிறீர்கள். விண்ணப்பத்தின் தொனி அதற்கேற்ப இருக்கட்டும்.

இடத்தைப் பார்வையிடப் போகும்போது ஓர் அளவு நாடாவை எடுத்துச் செல்லுங்கள். கதவின் திறப்பு 90 சென்டிமீட்டராவது இருந்தால் சக்கர நாற்காலி இடிபடாமல் நுழையும். அது உள்ளே முழுவதுமாகத் திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வெற்றிடம் வேண்டும். வாசலில் படி இருந்தால், ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் அமைக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தான பலகையைச் சாய்த்து வைத்தால் ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஆபத்து. கழிப்பறையை மறந்துவிடாதீர்கள். உள்ளே நுழைய முடியாத கழிப்பறை என்றால், காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவோர் இருப்பார்கள். சில வாரங்களில் அவர்கள் வருவதையே நிறுத்திவிடுவார்கள். மின்விசிறியின் இரைச்சல், குழல்விளக்கின் துடிப்பு, சுவரில் மோதித் திரும்பும் எதிரொலி ஆகியவற்றையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும் காதுக் கருவி அணிந்தவர்களுக்கும் இவை பெருந்தொல்லை. ஜமக்காளத்தையோ பழைய போர்வையையோ சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி கணிசமாகக் குறையும்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை என்பது பல ஊர்களுக்கு ஒத்துவரும். பேருந்து கிடைக்கும் நேரமா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை முடிவு செய்துவிட்ட கிழமையையும் நேரத்தையும் மாற்றவே கூடாது.

ஆட்களைத் திரட்ட வேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இரண்டு, பள்ளிக் கல்விக்கான வட்டார வள மையம். எந்தக் குழந்தை பள்ளிக்கு வராமல் வீட்டிலேயே இருக்கிறது என்பதை அங்குள்ள சிறப்புப் பயிற்றுநர்கள் அறிவார்கள். மூன்று, மகளிர் சுயஉதவிக் குழு. முதியவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் இந்தக் குழுவினரே. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்தி வருகிறது. 5 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகள் அங்கே ஓவியம் பயிலலாம். உங்கள் ஊரில் அது இருந்தால் அதன் ஓவிய ஆசிரியரோடு சேர்ந்து செயல்படுங்கள், போட்டியாக நிற்க வேண்டாம். பதினாறைக் கடந்தவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை என்பதால்தான் நம் வகுப்பின் தேவை இன்னும் கூடுகிறது.

பொருள்களும் கைகளும்

பெரும்பாலானோர் முதலில் வாங்குவது பென்சிலும் வெள்ளைத் தாளும். கலப்பு வகுப்புக்கு இந்த இரண்டும் ஏற்றவை அல்ல. மெல்லிய பென்சிலை இறுகப் பிடிக்க நுண்ணிய விரலசைவு வேண்டும். வெள்ளைத் தாளில் விழும் சாம்பல் நிறக் கோடு மங்கிய பார்வையுள்ளவருக்குத் தெரிவதேயில்லை. பருமனான மெழுகுக் கிரேயான், எண்ணெய் பேஸ்டல், அகலத் தூரிகை, கரித்துண்டு, பழுப்புத் தாள் சுருள், கறுப்புச் சார்ட், பழைய செய்தித்தாள், களிமண் ஆகியவற்றை முதலில் சேருங்கள். மங்கிய பார்வையுள்ளவர்களுக்குக் கறுப்புச் சார்ட்டின் மேல் வெள்ளை, மஞ்சள் வண்ணங்களைக் கொடுத்துப் பாருங்கள். வேறுபாடு உடனே தெரியும். பளபளக்கும் தாளைத் தவிர்த்துவிடுங்கள், விளக்கு அதில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும்.

பிடிமானம் குறைந்த கைகளுக்கு, பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டித் தூரிகையின் காம்பில் சுற்றினால் பருமனும் பிடிப்பும் கிடைக்கும். முற்றிலும் பிடிக்க இயலாதவருக்கு, உள்ளங்கையைச் சுற்றி வரும் துணிப்பட்டையில் தூரிகையைச் செருகிக் கட்டலாம். நடுக்குவாதத்தால் கை நடுங்குபவருக்கு முன்கை முழுவதும் மேசைமேல் தாங்கி இருக்க வேண்டும். எடை கூடிய தூரிகையும் பெரிய தாளும் கொடுங்கள். சிறு தாளில் பிழையாகத் தெரியும் நடுக்கம், பெரிய தாளில் கோட்டின் இயல்பாகவே அமைந்துவிடும். எல்லாத் தாள்களையும் நான்கு மூலையிலும் ஒட்டுநாடாவால் மேசையோடு ஒட்டிவிடுவது நல்ல வழக்கம். ஒற்றைக் கையால் வேலை செய்பவருக்கு இது கட்டாயம். கத்தரிக்கோல் கடினமாக இருந்தால் தாளைக் கையால் கிழிக்கலாம். கிழித்த விளிம்புக்குத் தனி அழகு உண்டு என்பதால், எல்லோரையுமே சில நாள் கிழித்து வேலை செய்யச் சொல்வது உண்மையிலேயே நல்ல பயிற்சி.

பார்வையற்றவர்களுக்கு ஓவிய வகுப்பில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. சாந்திநிகேதனின் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி நடுவயதில் பார்வையை முற்றிலும் இழந்த பிறகும் தாளை வெட்டி ஒட்டிச் சித்திரங்கள் அமைத்தார்; அங்குள்ள கலைப் பள்ளியான கலா பவனத்தின் சுவரில் ஓடுகளால் ஒரு பெருஞ்சித்திரத்தையும் செய்து முடித்தார். விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வியாளர் வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் களிமண் சிற்பம் கற்பித்தவர். சிலர் கண் காண்பதை வரைகிறார்கள், சிலர் உடல் உணர்வதை வரைகிறார்கள் என்பது அவர் கண்டறிந்தது. ஓடுகிற பிள்ளையை வரையும்போது கால்களை மட்டும் மிகப் பெரிதாகப் போடும் குழந்தை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை அளவுப் பிழை என்று திருத்தக் கூடாது.

செய்முறைக்கு வருவோம். ஒரு பலகையின் மேல் சன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பியை இழுத்து ஆணி அடித்து, விளிம்பைத் துணியால் மூடித் தைத்துவிடுங்கள். அதன் மேல் சாதாரணத் தாளை வைத்து மெழுகுக் கிரேயானால் அழுத்தி வரைந்தால், கோடு சொரசொரப்பாக எழும்பி நிற்கும். வரைந்ததை விரலால் தடவி அறியலாம். ஒரு பலகையின் செலவு மிகச் சொற்பம், பல ஆண்டுகள் உழைக்கும். வண்ணங்களைப் பிரித்தறிய, சிவப்பில் மெல்லிய மணலும் பச்சையில் மரத்தூளும் கலந்து வைக்கலாம். நீலத்தை எதுவும் சேர்க்காமல் வழவழப்பாக விட்டுவிடலாம். கிண்ணங்களின் வரிசையை எல்லா வாரமும் கடிகாரத்தின் எண்களைப் போல ஒரே இடத்தில் வையுங்கள்: பன்னிரண்டில் வெள்ளை, மூன்றில் சிவப்பு என்று. வண்ணக்குருடு உள்ளவர்களுக்கும் இதனால் பயன் உண்டு. அப்படிப்பட்டவர் ஒருவர் உங்கள் வகுப்பிலும் இருக்கக்கூடும். பல சமயம் அவருக்கே அது தெரிந்திராது.

ஈரக் களிமண்ணையோ பசையையோ தொடவே முடியாத பிள்ளைகள் இருப்பார்கள். அது அடம் அன்று, தோலின் உணர்வு அப்படி. கனமான பிளாஸ்டிக் பைக்குள் இரண்டு வண்ணங்களை ஊற்றி வாயை ஒட்டிக் கொடுத்தால், வெளியிலிருந்து அழுத்தியும் தள்ளியும் அவர்கள் வண்ணம் கலப்பார்கள். கூடத்தின் ஒரு பக்கத்தில் பாய் விரித்த அமைதியான இடம் ஒன்று இருக்கட்டும். சத்தம் தாங்காதவர்கள் சற்று நேரம் அங்கே போய் அமர்ந்துவிட்டு வரலாம். எதற்காகப் போனாய் என்று யாரும் கேட்கக் கூடாது.

நம் வீட்டுப் பொருள்களில் காகிதக்கூழுக்கு இணையானதை நான் கண்டதில்லை. செய்தித்தாளைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயத்தை அரைத்துச் சேர்த்துப் பிசைந்தால் கையில் ஒட்டாத பதம் வரும். அதைக் கவிழ்த்த பாத்திரத்தின் மேல் அப்பி வெயிலில் காயவைத்துக் கூடை செய்வது நம் பாட்டிமார்களின் பழைய வேலை. வகுப்பில் இதைக் கற்பிக்க வேண்டியவர்கள் அவர்களே. அன்றைக்கு ஓவிய ஆசிரியர் மாணவராக அமரட்டும். கூழ் மென்மையானது, வலுவற்ற விரல்களுக்கும் இணங்கும். வெந்தயத்தின் மணம் பார்வையற்றவருக்கு வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதைக்கூடச் சொல்லிவிடும். சுவரொட்டிப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் உண்டு. அது நஞ்சு என்பதால் வகுப்புக்குள் நுழையவே கூடாது. கோலத்துக்குக் கல்மாவு வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. அரிசி மாவு போதும். களிமண் காய்ந்து உதிர்ந்த இடத்தையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

களிமண் உருவங்களைச் சுட விரும்பினால், அருகில் சூளை வைத்திருக்கும் குயவரிடம் முன்கூட்டியே பேசி, அவர் சூளை மூட்டும் நாளை அறிந்துகொள்ளுங்கள். கட்டியாக நிறைந்த உருவம் சூளையில் வெடிக்கும். ஆகவே உள்ளே குடைந்து, ஒரு துளையிட்டு, நிழலில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உலர்த்த வேண்டும். ஊர் எல்லையில் நிற்கும் ஐயனாரின் மண்குதிரைகள் உள்ளே கூடாக இருப்பதன் காரணமும் இதுதான். அவற்றில் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பினால், பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

ஒரு நாள் வகுப்பு

'நம் தெரு' என்ற பொருளை எடுத்துக்கொள்வோம். முன்வாரமே எல்லோரிடமும், தெருவில் கையால் தொட்டால் மேடுபள்ளமாகத் தெரியும் ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்லிவிட வேண்டும். செங்கல் துண்டு, கோணி, முறம், அரச இலை, மரப்பட்டை, உடைந்த ஓடு என்று பலவும் வந்து சேரும்.

தொடக்கத்தில் அன்றைய வேலையை நான்கு படங்களாகச் சுவரில் ஒட்டுங்கள்: தடவுதல், தேய்த்தல், கிழித்தல், ஒட்டுதல். ஒவ்வொரு கட்டமும் முடிந்தவுடன் அந்தப் படத்தைத் திருப்பிப் போடுங்கள். அடுத்து என்ன என்ற பதற்றம் பலருக்கு இதனால் குறையும். காது கேளாதவர்களுக்கும் தனியாக விளக்க வேண்டியிராது. நீங்கள் பேசும்போது சன்னலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், முகம் இருண்டு உதட்டசைவு தெரியாமல் போகும். செய்து காட்டிக்கொண்டே பேசவும் வேண்டாம். முதலில் பேசி முடியுங்கள், பிறகு கைகளைக் காட்டுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் பார்க்க ஒருவருக்கு இரண்டு கண்கள் போதா. சைகை மொழி பெயர்ப்பாளர் கிடைத்தால் உங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும்.

பொருள்கள் முதலில் கைமாறிக் கைமாறிச் சுற்றி வரட்டும். பார்வையுள்ளவர்களும் சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கலாம். பிறகு ஒவ்வொன்றின் மேலும் மெல்லிய தாளை வைத்துக் கிரேயானைப் படுக்கையாகப் பிடித்துத் தேய்த்தால், முறத்தின் பின்னலும் இலையின் நரம்பும் தாளில் எழுந்து வரும். எனக்கு வரைய வராது என்று சொல்வதற்கு இங்கே வழியே இல்லை. பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் தம் ஓவியத்தைக் கண்ணால் காண்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கி, ஒத்துவரவில்லை என்று கைவிடுகிறார்கள். அப்படி விட்டவர்கள் முப்பதிலும் அறுபதிலும் அதே கூச்சத்தோடுதான் வகுப்புக்கு வருவார்கள். தேய்த்தெடுக்கும் வேலை அந்தக் கூச்சத்தை முதல் கால்மணி நேரத்தில் அகற்றிவிடும்.

தேய்த்த தாள்கள் குவிந்ததும் அவற்றைக் கிழித்தும் வெட்டியும், மேசைகளை இணைத்து விரித்த பழுப்புத் தாள் சுருளின் மேல் வீடு, சுவர், மரம், தேநீர்க்கடை, நாய், பேருந்து என்று ஒட்டத் தொடங்கலாம். செங்கல்லில் தேய்த்தது சுவராகும், கோணியில் தேய்த்தது கூரையாகும். ஆச்சிகள் வீட்டு வாசல் ஒவ்வொன்றிலும் கோலம் போடட்டும். பன்னிரண்டு புள்ளி வைத்து ஊடுபுள்ளி இட்டுச் சிக்குக் கோலத்தைப் பிசகில்லாமல் இழுக்கத் தெரிந்தவருக்கு, வரிசையும் சமச்சீரும் பற்றி நாம் புதிதாகக் கற்பிக்க எதுவும் இல்லை.

மூளை முடக்குவாதத்தால் கையையும் பேச்சையும் பயன்படுத்த இயலாத ஒருவர் இருந்தால், தன்னார்வலர் இரண்டு துண்டுகளைக் காட்டி எது என்று கேட்க வேண்டும். அவர் கண்ணாலோ தலையசைவாலோ தெரிவுசெய்ததை எடுத்துத் தாளின் மேல் மெல்ல நகர்த்திச் செல்ல வேண்டும். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு விரற்கடைகூடத் தள்ளி ஒட்டக் கூடாது. இங்கே தீர்மானம் முழுவதும் அவருடையது, ஆகவே படைப்பும் அவருடையது.

இதிலிருந்து பிறக்கும் விதியை வகுப்பின் எல்லாத் தன்னார்வலர்களுக்கும், குறிப்பாகப் பெற்றோர்களுக்கும், முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பிறருடைய தாளில் யாரும் கை வைப்பதில்லை. ஆசிரியரும் அப்படியே. ஒரு முறையைக் காட்ட வேண்டுமானால் உங்கள் தாளில் காட்டுங்கள். பார்வையற்றவருக்குக் கையசைவைக் கற்பிக்கும்போது, அவர் கையைப் பிடித்து இழுப்பதற்கு மாறாக, உங்கள் கையை வேலை செய்ய விட்டு, அவர் தம் கையை உங்கள் கையின் மேல் வைத்துப் பின்தொடரும்படி அழையுங்கள். விரும்பும் நொடியில் அவர் கையை எடுத்துக்கொள்ளலாம். உதவுவதற்கு முன் கேளுங்கள், வேண்டாம் என்றால் விலகி நில்லுங்கள். அறிவுசார் குறைபாடுள்ள முப்பது வயது ஒருவரைத் தம்பி, கண்ணு என்று குழந்தையைப் போல அழைப்பதும், மற்றவர்கள் தெரு வரையும்போது அவருக்கு மட்டும் வண்ணம் தீட்டும் பொம்மைப் புத்தகத்தைக் கொடுப்பதும் பெரும் அவமதிப்பு. அவருக்கும் அதே தெரு, அதே தாள். சொல்லும் படிகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடம் பார்ப்பதற்கு. 'அழகாக இருக்கிறது', 'சூப்பர்' ஆகிய சொற்களைக் கூடியவரை தவிர்த்து, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லுங்கள்: இந்த மரத்துக்கு முறத்தின் பின்னலை எடுத்திருக்கிறீர்கள், பேருந்தைத் தெருவை விடப் பெரிதாக வைத்திருக்கிறீர்கள். பார்வையற்றவர்களுக்காகவும் இந்த விவரிப்பு அவசியம். ஒருவர் விவரிக்க மற்றவர்கள் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால், எல்லோருடைய பார்வையும் கூர்மையடைகிறது. போட்டி வைக்காதீர்கள். மூவருக்குப் பரிசு கொடுத்த அன்றே மற்ற அனைவருக்கும் நீங்கள் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறீர்கள், அடுத்த வாரம் நாற்காலிகள் குறையும். நன்கொடையாளர்கள் கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

பாதுகாப்பும் காட்சியும்

எந்த நேரத்திலும் ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. கழிப்பறைக்கு அழைத்துச் செல்ல யார் என்பதைப் பெற்றோரிடம் எழுத்தில் பெற்று வையுங்கள். படம் எடுப்பதற்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இசைவு வாங்குங்கள். மாற்றுத்திறனாளி ஒருவரின் படத்தை நன்கொடை திரட்டுவதற்காக இரக்கம் தோன்றும்படி வெளியிடக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை நூலகத்திலேயே காட்சி வைக்கலாம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் இருக்குமாறு மாட்டுவது வழக்கம். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் சிறுவருக்கும் அது உயரம். நான்கடிக்கு இறக்குங்கள், நிற்பவர் சற்றுக் குனிந்து பார்க்கட்டும். களிமண், காகிதக்கூழ் வேலைகளைத் தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதி மேசையில் வையுங்கள். பெயரட்டைகள் பெரிய எழுத்தில், எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். வயது, ஊனத்தின் பெயர் எதுவும் அட்டையில் வேண்டாம். பெயரும் படைப்பின் தலைப்பும் எந்தப் பொருளால் செய்தது என்பதும் போதும். மாற்றுத்திறனாளிகளின் ஓவியங்கள் என்று தனிச் சுவர் ஒதுக்காதீர்கள். யாராவது ஒரு படைப்பை விலைக்குக் கேட்டால், விற்பதா வேண்டாமா என்பதைப் படைத்தவரிடமே கேளுங்கள். பணத்தை அவர் கையிலோ அவருடைய வங்கிக் கணக்கிலோ முழுமையாகச் சேர்த்துவிடுங்கள், வகுப்புச் செலவுக்கென அதிலிருந்து எதையும் பிடிக்க வேண்டாம்.

ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய ஓர் அட்டைக் கோப்பு வைத்து, மாதம் ஒரு வேலையைத் தேதியிட்டுச் சேர்த்து வாருங்கள். பக்கத்தில் ஓரிரு வரி: எந்தக் கருவி கைக்கு இணங்கியது, எவ்வளவு நேரம் அமர்ந்தார், எதைத் தாமாகக் கேட்டார். நீங்கள் வர இயலாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேறொருவர் வகுப்பை எடுக்க நேர்ந்தால், எந்தத் தூரிகையில் டியூப் சுற்ற வேண்டும், யாரைச் சன்னலுக்கு எதிரே அமர்த்தக் கூடாது என்பதை அந்தக் கோப்பைப் பார்த்தே அவர் தெரிந்துகொள்வார்.